பெட்ரோல் விலை ஒன்றுதானா? 2022 அமெரிக்க இடைக்காலத் தேர்தல் பற்றி ஜார்ஜியாவிலிருந்து

கேள்வி (ஒரு வாசகர், ஆகஸ்ட் 5, 2022)

நவம்பர் 8 தேர்தலைப் பற்றி இவ்வளவு பேச என்ன இருக்கிறது? அதிபரின் பதவிக்காலத்தின் நடுவே வரும் இடைக்காலத் தேர்தலில் அவரது கட்சி அடிவாங்குவது வழக்கம். பெட்ரோல் காலனுக்கு 5 டாலரைத் தாண்டிய ஆண்டில் பைடனின் ஜனநாயகக் கட்சி தப்பிக்கப் போவதில்லை. மற்றவை எல்லாம் தொலைக்காட்சிக்காரர்களின் பேச்சு. மறுப்பவர்கள் உண்டா?

ஆகஸ்ட் 6

நான் மறுக்கிறேன், ஆனால் பாதியை மட்டும்.

வழக்கம் என்று நீங்கள் சொல்வது சரி. 1994இல் கிளின்டனின் கட்சி நாடாளுமன்றக் கீழவையான பிரதிநிதிகள் சபையில் 54 இடங்களை இழந்தது. 2010இல் ஒபாமாவின் கட்சி 63. 2018இல் டிரம்பின் கட்சி 40. கடந்த நூறாண்டுகளில் அதிபரின் கட்சி இடைக்காலத் தேர்தலில் அந்தச் சபையில் இடங்களைக் கூட்டிக்கொண்டது 1934, 1998, 2002 ஆகிய மூன்று முறைதான். அந்த மூன்றையும் பாருங்கள். பெருமந்தத்தின் நடுவே ஒன்று, கிளின்டனைப் பதவி நீக்கக் குடியரசுக் கட்சி முனைந்தபோது ஒன்று, இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கு அடுத்த ஆண்டு ஒன்று. மக்களின் மனத்தை உலுக்கிய ஏதோ ஒன்று அந்தந்த ஆண்டில் நடந்திருக்கிறது.

இந்த ஆண்டும் நடந்திருக்கிறது. கருக்கலைப்புக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு உண்டு என்ற ஏறக்குறைய ஐம்பதாண்டுத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ஜூன் 24 அன்று நீக்கிவிட்டது. இந்த வாரம் செவ்வாய்க்கிழமை கான்சஸ் மாநிலத்தில், மாநில அரசியல் சட்டத்திலிருந்து அந்த உரிமையை எடுத்துவிடலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். 59 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். 2020இல் டிரம்ப் 15 புள்ளி வித்தியாசத்தில் வென்ற மாநிலம் அது. ஆகஸ்ட் வெயிலில், எந்தப் பதவிக்கும் பெரிய போட்டியில்லாத நாளில், ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து வாக்களித்திருக்கிறார்கள். பெட்ரோல் விலை அவர்களுக்கும்தான் ஏறியது.

நான் அட்லாண்டாவுக்கு வடகிழக்கே க்வின்னெட் கவுண்டியில் வசிக்கிறேன். தேர்தல் நாட்களில் வாக்குச்சாவடிப் பணியாளராக வேலை செய்கிறேன். அதனால் என் கவலை உங்களுடையதிலிருந்து சற்று வேறுபடும். யார் வெல்வார்கள் என்பதைவிட, வாக்கை யார் எண்ணுவார்கள், எண்ணியதை யார் ஒப்புக்கொள்வார்கள் என்பதில்தான் என் மனம் நிற்கிறது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 8

மேலவையான செனட் ஏன் முக்கியம் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நேற்று நடந்ததே பதில். பருவநிலை, மருந்து விலை பற்றிய பெரிய மசோதா செனட்டில் 50-50 என்று நின்றது. துணை அதிபர் கமலா ஹாரிஸின் வாக்கால் நிறைவேறியது. ஓர் இடம் கைமாறியிருந்தால் அந்தச் சட்டமே கிடையாது.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. இன்சுலினுக்கு மாதம் 35 டாலர் உச்சவரம்பு. முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு அது கிடைத்துவிட்டது. தனியார் காப்பீட்டில் இருப்பவர்களுக்கும் நீட்டிக்க 60 வாக்குகள் தேவைப்பட்டன, 57தான் கிடைத்தன. என் கணவர் பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார், அவருடையது தனியார் காப்பீடு. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் சர்க்கரை நோய் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த மூன்று வாக்குகளை நான் மறக்கப் போவதில்லை. எங்கள் மாநிலத்தின் ஜனநாயகக் கட்சிச் செனட்டர் ராபேல் வார்னாக்தான் இந்த உச்சவரம்புக்காகத் தொடர்ந்து வாதாடியவர், அவரே நவம்பரில் குடியரசுக் கட்சியின் ஹெர்ஷல் வாக்கரை எதிர்த்து நிற்கிறார்.

ஆகஸ்ட் 9

"உங்கள் தொகுதி நிலவரம் என்ன?" என்று கேட்டவருக்கு:

என் தொகுதி ஜார்ஜியாவின் 7ஆவது. 2018இல் இங்கே ஐந்நூறுக்கும் குறைவான வாக்குகளில் குடியரசுக் கட்சியின் ராப் வுடால் தப்பினார். 2020இல் அவர் விலகிக்கொள்ள, ஜனநாயகக் கட்சியின் கரோலின் போர்டோ வென்றார். பக்கத்து 6ஆவது தொகுதி நியூட் கிங்ரிச்சின் பழைய கோட்டை. 1994 அலையைக் கிளப்பியவரின் இடத்தை 2018இல் லூசி மெக்பாத் பிடித்தார். துப்பாக்கிச் சூட்டில் மகனை இழந்து அரசியலுக்கு வந்த தாய் அவர்.

சென்ற ஆண்டு மாநிலச் சட்டமன்றம் எல்லைகளைத் திருத்தி வரைந்தது. 6ஆவது தொகுதியை வடக்கே ஃபோர்சைத், டாசன் என்று இழுத்துக் குடியரசுக் கட்சிக்குப் பாதுகாப்பான இடமாக்கினார்கள். மெக்பாத் 7க்கு வந்தார். ஒரே கட்சியின் இரண்டு பெண் உறுப்பினர்கள் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மே மாத முதல்நிலைத் தேர்தலில் மோத வேண்டியதாயிற்று, போர்டோ தோற்றார். 2020இல் 7ஆவது தொகுதியில் போர்டோவிடம் தோற்ற ரிச் மெக்கார்மிக், இப்போது புதிய 6ஆவது தொகுதியில் நிற்கிறார். நவம்பரில் அவர் தோற்க வழியே இல்லை.

ஜான்ஸ் க்ரீக் தமிழர்கள் 7இல் வாக்களிப்பார்கள். சில மைல் தள்ளித் தெற்கு ஃபோர்சைத்தில் வீடு வாங்கிய தமிழர்கள் 6இல். ஒரே கடையில் மளிகை வாங்கி ஒரே கோயிலுக்குப் போகிறவர்களில் ஒருவரது வாக்கும் சரி, மற்றவரது வாக்கும் சரி, இரண்டு தொகுதிகளிலும் முடிவு தெரிந்த பிறகு போடும் வாக்கு. இதற்கும் பெட்ரோலுக்கும் என்ன தொடர்பு? மாநிலத்தின் 14 இடங்களில் 8-6 என்றிருந்தது 9-5 ஆகும். ஒரு வாக்கு விழும் முன்பே ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 24

நேற்று நியூயார்க்கின் 19ஆவது தொகுதி இடைத்தேர்தல். ஜனநாயகக் கட்சியின் பாட் ரையன் வென்றார். அவரது பிரச்சாரம் முழுக்கக் கருக்கலைப்பு உரிமைதான். தோற்பார் என்றே பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கான்சஸ் தனியாக நிற்கவில்லை என்பதற்காகக் குறித்து வைக்கிறேன்.

செப்டம்பர் 3

அலாஸ்காவில் ஜனநாயகக் கட்சியின் மேரி பெல்டோலா சாரா பேலினைத் தோற்கடித்துவிட்டார். விருப்ப வரிசை வாக்குமுறையில் நடந்த தேர்தல் இது. நீக்கப்பட்ட வேட்பாளரின் வாக்குகள் இரண்டாம் விருப்பத்தின்படி பிரிந்தபோது, அதே குடியரசுக் கட்சிக்காரரான பேலினுக்கு அவை முழுவதும் போய்ச் சேரவில்லை. வேட்பாளர் யார் என்பதையும் மக்கள் பார்க்கிறார்கள், கட்சிச் சின்னத்தை மட்டும் அல்ல.

இங்கே இந்த வாரம் எல்லோரும் பேசுவது மருத்துவமனையைப் பற்றி. அட்லாண்டா மெடிக்கல் சென்டர் நவம்பர் முதல் நாளில் மூடப்படும் என்று அறிவித்துவிட்டார்கள். உயர்நிலை விபத்துச் சிகிச்சை மையம் அது. ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீட்டை விரிவாக்க மறுத்த மாநிலங்களில் ஜார்ஜியாவும் ஒன்று. விரிவாக்கியே தீர வேண்டும் என்பது ஆளுநர் பதவிக்கு ஜனநாயகக் கட்சி சார்பில் நிற்கும் ஸ்டேசி ஆப்ரம்ஸின் வாதம். மூடுவதற்குக் காரணம் அது மட்டும் அல்ல என்பது ஆளுநர் பிரையன் கெம்ப் தரப்பின் பதில். காப்பீடு இல்லாத நோயாளிகள் நிறைந்த மருத்துவமனை எவ்வளவு நாள் தாக்குப் பிடிக்கும்? இந்த ஒரு விஷயத்தில் ஆப்ரம்ஸ் பக்கம் முழு நியாயம் இருக்கிறது என்று எண்ணுகிறேன். ஆனால் தோற்கிறார். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏன் தோற்கிறார்? முதல் கேள்வி கேட்டவர் மகிழ்வார், பெட்ரோலும் ஒரு காரணம். மார்ச் மாதத்தில் கெம்ப் மாநில எரிபொருள் வரியை நிறுத்தி வைத்தார். காலனுக்கு 29.1 சென்ட். இன்று வரை நீட்டித்துக்கொண்டே வருகிறார். போதாததற்கு வரி உபரியிலிருந்து தனிநபருக்கு 250 டாலர், தம்பதியருக்கு 500 டாலர் திருப்பிக் கொடுத்தார். ஒரே பெட்ரோல் விலை வாஷிங்டனில் இருப்பவருக்கு வசையும் அட்லாண்டாவில் இருப்பவருக்கு வாழ்த்தும் பெற்றுத் தருகிறது.

செப்டம்பர் 19

சொன்னபடி எண்ணுபவர்களைப் பற்றி எழுதுகிறேன். நீளமாக இருக்கும்.

2020இல் ஜார்ஜியாவில் பைடன் வென்றது 11,779 வாக்குகளில். அடுத்த ஜனவரி 2 அன்று டிரம்ப், மாநிலத்தில் தேர்தல் பொறுப்பு வகிக்கும் மாநிலச் செயலாளர் பிராட் ராஃபென்ஸ்பெர்கரைத் தொலைபேசியில் அழைத்து 11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்கச் சொன்னார். ராஃபென்ஸ்பெர்கர் மறுத்தார். அவர் குடியரசுக் கட்சிக்காரர், டிரம்புக்கு வாக்களித்தவர். மறுத்ததற்காக அவரது குடும்பத்துக்கே கொலை மிரட்டல்கள் வந்தன. ஃபுல்டன் கவுண்டியின் வாக்கு எண்ணும் பணியாளர்களான ரூபி ஃப்ரீமனும் அவர் மகள் ஷே மாஸும் பட்டது அதைவிடக் கொடுமை. இந்த ஜூனில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் அவர்கள் பேசியதை நான் பார்த்தேன். அவர்கள் செய்த வேலையைத்தான் நானும் செய்கிறேன். அன்று இரவு என் கணவர், "இந்த முறை நீ போகத்தான் வேண்டுமா?" என்று கேட்டார். போகிறேன் என்றேன். பயம் இல்லாமல் சொல்லவில்லை.

அந்த ஆண்டில் எண்ணிக்கையை மறுத்தவர்கள் இப்போது எண்ணும் பதவிகளுக்கே போட்டியிடுகிறார்கள். அரிசோனாவில் மாநிலச் செயலாளர் பதவிக்கு மார்க் ஃபின்செம், எதிரே ஏட்ரியன் ஃபோன்டெஸ். நெவாடாவில் ஜிம் மார்ச்சன்ட், எதிரே சிஸ்கோ அகிலார். மிச்சிகனில் கிறிஸ்டினா கராமோ, எதிரே பதவியில் இருக்கும் ஜாசலின் பென்சன். பென்சில்வேனியாவில் அந்தப் பதவிக்குத் தேர்தல் இல்லை, ஆளுநரே நியமிப்பார். ஆகவே அங்கே ஆளுநர் போட்டியே எண்ணிக்கைப் போட்டிதான்: டக் மாஸ்ட்ரியானோவா, ஜாஷ் ஷபீரோவா?

இந்தப் பெயர்களில் எத்தனை உங்களுக்குத் தெரியும்? பென்சில்வேனியாவில் செனட்டுக்கு மோதும் ஜனநாயகக் கட்சியின் ஃபெட்டர்மனையும் குடியரசுக் கட்சியின் ஓஸையும் எல்லோருக்கும் தெரியும். என்னைக் கேட்டால் 2024ஐத் தீர்மானிக்கப் போகிறவர்கள் இந்தப் பெயர் தெரியாதவர்கள்தான்.

ஜார்ஜியாவில் அந்த ஆபத்து மே மாதமே விலகிவிட்டது. டிரம்ப் ஆதரித்த ஜாடி ஹைஸை ராஃபென்ஸ்பெர்கர் முதல்நிலைத் தேர்தலிலேயே தோற்கடித்தார். நவம்பரில் அவருக்கே என் வாக்கு.

செப்டம்பர் 21

மேலே எழுதியதைப் பற்றி மகள் என்னுடன் சண்டை போட்டாள். அவளுக்கு இது முதல் வாக்கு. "ஜார்ஜியாவின் 2021 தேர்தல் சட்டத்தை ஆதரித்தவர் ராஃபென்ஸ்பெர்கர்தானே, அம்மா?" என்றாள்.

நியாயமான கேள்வி. அந்தச் சட்டத்தை நான் சாவடியில் நின்று பார்த்திருக்கிறேன். தபால் வாக்குகளைப் போடும் பெட்டிகள் செயல்பாட்டிலுள்ள ஒரு லட்சம் வாக்காளர்களுக்கு ஒன்று என்று சுருங்கிவிட்டன. அவையும் முன்கூட்டியே வாக்களிக்கும் மையங்களுக்குள்ளே, மையம் திறந்திருக்கும் நேரத்தில் மட்டும். மையம் திறந்திருந்தால் நேரிலேயே வாக்களித்துவிடலாமே, அப்புறம் பெட்டி எதற்கு? இரவுப் பணிக்குப் போகிறவர்களுக்காக வைத்தது அது. வரிசையில் நிற்பவருக்கு வெளியார் தண்ணீர் கொடுப்பதும் குற்றம். ஒருவரே எத்தனை வாக்காளர்களின் தகுதியை வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்றும் எழுதி வைத்தார்கள். எங்கள் கவுண்டியில் இந்தக் கோடையில் பல்லாயிரம் பெயர்கள் மீது அப்படி ஆட்சேபம் வந்து குவிந்திருக்கிறது. அடுக்ககம் மாறியவர்கள், முகவரியில் ஓர் எழுத்து பிசகியவர்கள் எல்லாம் இதில் சிக்குவார்கள்.

ராஃபென்ஸ்பெர்கருக்கு எதிரே நிற்பவர் பீ ன்யூவென், வியட்நாமிய அகதிக் குடும்பத்தின் மகள். 2020 டிசம்பரில் சட்டமன்ற விசாரணையில், மோசடி வாக்காளர்கள் என்று தரப்பட்ட பட்டியலை எடுத்து, அதிலிருந்தவர்களைத் தானே தேடிப் போய் அவர்கள் உண்மையிலேயே ஜார்ஜியாவில் வசிப்பவர்கள் என்று நிறுவியவர். பொறுமையாக, ஒவ்வொரு வரியாக. இன்னும் யோசிக்கிறேன்.

அக்டோபர் 6

எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் நேற்று வியன்னாவில் கூடி, நாளுக்கு 20 லட்சம் பீப்பாய் உற்பத்தியைக் குறைக்கிறோம் என்று அறிவித்துவிட்டன. ஜூன் நடுவில் 5 டாலரைத் தாண்டிய விலை செப்டம்பரில் 3.70 டாலர் அளவுக்கு இறங்கியிருந்தது, மறுபடி ஏறுகிறது. முதல் கேள்வி கேட்டவர் "இப்போது சொல்லுங்கள்" என்கிறார்.

சொல்கிறேன். கோடையின் உற்சாகம் தணிந்துவிட்டது. கான்சஸைப் பற்றி நான் எழுதியதில் ஒரு நுணுக்கம் சேர்க்க வேண்டும். அங்கே வாக்குச்சீட்டில் இருந்தது கேள்வி, வேட்பாளர் அல்ல. கருக்கலைப்பு உரிமையைக் காப்பாற்றிய அதே கை நவம்பரில் குடியரசுக் கட்சிக்கும் வாக்களிக்கலாம். அதில் முரண்பாடு ஏதும் இல்லை. ஆகவே அந்தக் கேள்வி நேரடியாக வாக்குச்சீட்டில் இருக்கும் மிச்சிகனையும் கென்டக்கியையும் தனியாகப் பாருங்கள்.

அக்டோபர் 15

நேற்று சவானாவில் வார்னாக்கும் வாக்கரும் விவாதித்தார்கள். வாக்கர் சட்டைப்பையிலிருந்து ஒரு காவல் துறை வில்லையை எடுத்துக் காட்டினார், நடுவர் கண்டித்தார். இன்று எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு வருத்தம். காப்பீடு, இன்சுலின், ஜூலையில் இங்கே நடைமுறைக்கு வந்த ஆறு வாரக் கருக்கலைப்புத் தடை ஆகிய மூன்றிலும் இருவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. அதை இன்று யாரும் பேசவே இல்லை.

பொருளாதாரத்தை நான் தள்ளிவிடுகிறேன் என்று குறை சொன்னவருக்கு: தள்ளவில்லை. செப்டம்பர் மாதப் பணவீக்கம் 8.2 விழுக்காடு. சென்ற ஆண்டு 3 விழுக்காடாக இருந்த வீட்டுக்கடன் வட்டி இப்போது 7ஐ நெருங்குகிறது. எங்கள் தெருவில் ஓர் இளம் தம்பதி வீடு வாங்கும் எண்ணத்தையே விட்டுவிட்டார்கள். அவர்கள் யாருக்கு வாக்களித்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

அக்டோபர் 18

நேற்று முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்கியது. மாநிலம் முழுவதும் முதல் நாளிலேயே 1,30,000க்கும் மேல், இடைக்காலத் தேர்தலில் இதற்கு முன் இல்லாத அளவு. மகளும் நானும் போனோம். அடையாள அட்டை, தொடுதிரை, அச்சாகி வரும் தாள், அதை வருடி வாங்கிக்கொள்ளும் எந்திரம். தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் படித்துப் பார் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். நீங்களும் படியுங்கள். தாளில் இருப்பதுதான் உங்கள் வாக்கு.

நான் ன்யூவெனுக்கு வாக்களித்தேன். 2021 ஜனவரியில் ராஃபென்ஸ்பெர்கர் காட்டிய நெஞ்சுரத்தை என்றும் மதிப்பேன். அவர் தோற்கப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் தண்ணீரும் பெட்டியும் என் கண்ணில் நிற்கின்றன. கணவர் ராஃபென்ஸ்பெர்கருக்கே போடுவார். வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை.

அக்டோபர் 26

பென்சில்வேனியா விவாதம் பார்த்தேன். மே மாதம் பக்கவாதம் வந்த ஃபெட்டர்மன் எழுத்துத் திரையைப் படித்துப் படித்துப் பதில் சொன்னார், சொற்கள் தடுமாறின. பார்க்கக் கடினமாக இருந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு என் அப்பா பேசத் தவித்த மாதங்கள் எனக்கு நினைவுண்டு, சிந்தனை தெளிவாக இருக்கும், வாய் மட்டும் பின்தங்கும். ஓஸ், கருக்கலைப்பு முடிவு பெண்ணுக்கும் மருத்துவருக்கும் உள்ளூர் அரசியல் தலைவர்களுக்கும் உரியது என்ற பொருளில் பேசினார். இரண்டில் எது வாக்காளர் மனத்தில் நிற்கும் என்பதில்தான் செனட்டே இருக்கிறது.

அக்டோபர் 29

நேற்று சபாநாயகர் பெலோசியின் வீட்டுக்குள் புகுந்து அவர் கணவரைச் சுத்தியலால் அடித்திருக்கிறான் ஒருவன். 82 வயது மனிதர். அரிசோனாவின் மேசா நகரில் வாக்குப்பெட்டி அருகே முகமூடியும் துப்பாக்கியுமாக ஆட்கள் நின்றது சென்ற வாரம். இன்று வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

நவம்பர் 5

முன்கூட்டிய வாக்குப்பதிவு நேற்றுடன் முடிந்தது. தபால் வாக்குகளும் சேர்த்து 25 லட்சத்துக்கும் மேல். "பார்த்தீர்களா, 2021 சட்டம் யாரையும் தடுக்கவில்லையே" என்று எழுதியிருக்கிறார் ஒருவர். வந்தவர்களை எண்ணலாம், வர முடியாதவர்களை எப்படி எண்ணுவீர்கள்? அட்லாண்டா வட்டாரத்தின் காப் கவுண்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தபால் வாக்குச்சீட்டே அனுப்பப்படவில்லை என்று இப்போது வெளிவந்திருக்கிறது. சூழ்ச்சி அல்ல, அலுவலகத் தவறு. புதிய சட்டத்தில் தபால் வாக்குக்கான கால இடைவெளி குறுகிவிட்டதால், தவறைத் திருத்த நாள் இல்லாமல் போகிறது.

என் தெருவில் நான் கேட்டறிந்தவரை, ஆளுநருக்குக் கெம்ப், செனட்டுக்கு வார்னாக் என்று பிரித்துப் போட்டவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். தமிழர்களிலும் உண்டு. இவர்கள் கையில்தான் முடிவு.

நவம்பர் 7

நாளை இரவு எப்படிப் பார்ப்பது என்று தமிழ்நாட்டிலிருந்து கேட்டவர்களுக்கு.

ஜார்ஜியாவில் வாக்குப்பதிவு முடியும்போது உங்களுக்குப் புதன் அதிகாலை 5.30. பென்சில்வேனியா 6.30, அரிசோனா 7.30, நெவாடா 8.30.

பென்சில்வேனியாவில் தபால் வாக்கு உறைகளைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் தொடவே சட்டம் அனுமதிப்பதில்லை. நேரில் வந்தவர்களின் வாக்குகள் முதலில் எண்ணப்படும், அவற்றில் குடியரசுக் கட்சி முன்னே நிற்கும், தபால் வாக்குகள் வர வர நிலைமை மாறும். 2020இல் இதைத்தான் திருட்டு என்றார்கள். எண்ணும் வரிசை அது, அவ்வளவுதான். அரிசோனாவில் கடைசி நாளில் கொண்டுவந்து போடும் உறைகளுக்குக் கையெழுத்துச் சரிபார்க்க நாட்கள் ஆகும். நெவாடாவில் தேர்தல் நாள் முத்திரையுள்ள தபால் வாக்கு நான்கு நாள் கழித்து வந்தாலும் செல்லும். ஆகவே செனட் யாருக்கு என்பது புதன்கிழமை தெரியாமல் போகலாம்.

ஜார்ஜியாவில் யாரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால் டிசம்பர் 6 அன்று இரண்டாம் சுற்று. சுதந்திரவாதக் கட்சியின் சேஸ் ஆலிவர் ஓரிரு புள்ளிகள் எடுத்தாலே போதும். முன்பு ஒன்பது வார இடைவெளி இருந்தது, இப்போது நான்கு. அந்தச் சுற்றுக்குப் பெயர் பதிவு செய்யக் கடைசி நாள் இன்று. இரண்டாம் சுற்று வருமா என்று தெரியும் முன்பே கதவு மூடிவிடுகிறது. பதிவு செய்யாத பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைப் படித்தவுடன் எழுப்பி உட்கார வையுங்கள், நள்ளிரவு வரை இணையத்தில் செய்யலாம்.

முதல் கேள்வி கேட்டவருக்கு: பிரதிநிதிகள் சபை கைமாறும் என்றே நானும் நினைக்கிறேன். நீங்கள் சொன்ன அளவுக்கு அல்ல. செனட்டில் உங்கள் கணக்கு செல்லாது.

நாளை காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை என் கைப்பேசி அணைந்திருக்கும். பதிவேட்டில் கையெழுத்திட்டவர்களின் எண்ணிக்கையும் எந்திரம் வாங்கிய தாள்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, முடிவுத் தாளின் ஒரு படியைக் கதவில் ஒட்டிய பிறகே வீடு திரும்புவோம். பதில் எழுதக் காத்திருப்பவர்கள் அரிசோனா, நெவாடா மாநிலச் செயலாளர் போட்டிகளின் எண்களை இங்கே இட்டு வையுங்கள். நான் முதலில் அவற்றைத்தான் பார்ப்பேன்.